தொட்டுக் கற்போம்

பல்கலைக்கழகத்தின் கல்வியியல் நூலகத்தில் கண்காட்சி. ‘தொட்டுக் கற்போம்’ என்று வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். பல வருஷமாக பீரோவுக்குள் தூசி படிந்து கிடந்த மணிச்சட்டத்தைத் துடைத்து மேஜைமேல் வைத்ததும் அதற்குத் தலைகால் புரியவில்லை.

“இன்னிக்கு என் மணிகளை யாராவது தள்ளிப் பார்ப்பாங்க!” என்றது.

பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் விரிந்து கிடந்த தடித்த புத்தகம், “பின்னே? குழந்தை கையாலதான் கத்துக்கும்னு எனக்குள்ளேயே எழுதியிருக்கே. அந்தப் பக்கத்தைத்தான் திறந்து வச்சிருக்காங்க” என்றது பெருமையாக.

பேராசிரியை ஒருவரின் மகள் வந்தாள். ஒன்றாம் வகுப்பு. பேனரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நேரே வந்து சிவப்பு மணிமேல் விரலை வைத்தாள். மணி லேசாக நகர்ந்தது. மணிச்சட்டத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“ஏய் பாப்பா, தொடாதே! துணைவேந்தர் வர்ற நேரம்!” என்று ஓடிவந்தார் நூலகர். மணியைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டு, ‘தொடாதீர்கள்’ என்ற அட்டையை மணிச்சட்டத்தின்மேல் சாய்த்து வைத்தார்.

சிறுமி அதையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மீதிக் கண்காட்சியைப் பார்க்கப் போனாள்.

“பார்த்தியா?” என்றது புத்தகம். “தொட்டது ஒரே தடவைதான். அதுக்குள்ள எவ்வளவு நல்லா கத்துக்கிட்டா!”