ரொக்கக்காரர்

"ரெண்டு மடங்கு தரேங்கிறார். இன்னும் என்ன வேணும் அத்தான் உங்களுக்கு?"

மைத்துனர் அடிக்குரலில்தான் கேட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அச்சக மேலாளர் காதில் அது விழுந்துவிட்டது. உடனே மூன்று மடங்கு என்றார்.

அத்தான் அசைந்து கொடுக்கவில்லை.

மைத்துனருக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? சொந்த மர அறுப்பு ஆலையை விற்று, இருபது வருஷச் சேமிப்பையும் துடைத்தெடுத்து, அக்கா புருஷனின் பேப்பர் வியாபாரத்தில் பாதிப் பங்காகப் போட்டிருந்தார். இப்போது மகளுக்கு ஒரு வீடு வாங்க வேண்டும். பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு போகலாம் என்று அன்று காலைதான் வெளியூரிலிருந்து வந்து இறங்கினார். வந்து பார்த்தால் கிடங்கில் மிச்சம் முப்பது பேப்பர் உருளை. நனைந்தாலும் கிழியாத உயர்ந்த ரகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை வாங்க ஆசைப்பட்டுக் கூப்பிட்டு உட்கார வைத்தவரிடம் இந்த மனிதர் முறுக்கிக்கொண்டு நிற்கிறார்.

அதுவும் எதற்கு? கடைத்தெருவில் அத்தானுக்குப் பெயரே ரொக்கக்காரர். கூடப் பிறந்தவனே வந்து நின்றாலும் காசை வைத்தால்தான் கயிற்றை அவிழ்ப்பார். செக் என்றால் முகத்தைச் சுளிப்பார், கடன் என்றால் கடையை விட்டு இறங்கச் சொல்வார். அப்பேர்ப்பட்டவர், ரொக்கமாகவே தருகிறேன் என்று மேலாளர் கெஞ்ச, அதெல்லாம் வேண்டாம், வாசலில் நிற்கிற லாரியைக் கொடுங்கள் என்று அடம் பிடித்தார்.

"லாரியைக் குடுத்துட்டு நான் சரக்கை எதுல சார் அனுப்புறது?" மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பணம் கேளுங்க. எவ்வளவு வேணாலும் கேளுங்க."

மைத்துனர் அத்தானின் கையைப் பிடித்து நடைவழிக்கு இழுத்துப் போனார். விசித்திரமான கட்டடம் அது. பெயர்ப் பலகை கிடையாது. உள்ளே வருகிறவர்களை ஏனோதானோ என்று விட்டார்கள், வெளியே போகிறவர்களைத்தான் தடவித் தடவிச் சோதித்தார்கள். என்ன அடிக்கிறார்கள் என்று வரும் வழியில் கேட்டதற்கு, வெளியில் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார் அத்தான். பரீட்சைக் கேள்வித்தாளாக்கும் என்று மைத்துனரும் விட்டுவிட்டார்.

கட்டுப்படி ஆகவில்லை என்றால் நாலு மடங்கு கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று கடிந்துகொண்டார்.

"போன தடவை நூறு உருளை வித்தேன் மாப்ள. நல்ல லாபம். அந்தக் காசை அப்படியே பேப்பர் மில்லுல கொண்டுபோய்க் கொட்டினேன், அறுபதுதான் வந்தது. அறுபதை வித்தேன். அதுலயும் லாபம். முப்பது வந்தது. இன்னும் ஒரு லாபம் வந்தா நான் தெருவுலதான் நிக்கணும்."

அது மில்காரனின் பேராசை என்றார் மைத்துனர். காலையில் வந்த பஸ்ஸில்கூட அப்படித்தான். டிக்கெட்டில் கட்டணமே அச்சடிக்கவில்லை. நாளைக்கு என்ன ரேட்டோ என்று கண்டக்டர் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். அவரைத் திருடன் என்று வாய் நிறையத் திட்டிவிட்டுத்தான் இறங்கினார். இந்த மாதிரி நாலு பேரைப் பிடித்து உள்ளே போட்டால் விலைவாசி தானாக இறங்கும் என்பது அவர் கட்சி.

அத்தான் வாதாடவில்லை. பங்குதானே வேண்டும், பதினைந்து உருளையை ஏற்றிக்கொண்டு போ என்றார்.

"பேப்பரை வெச்சு நான் என்ன நாக்கா வழிக்கிறது? என் பங்கை நானே வித்துக்கிறேன்."

"உன் பங்கு, உன் இஷ்டம்."

மைத்துனர் விடுவிடுவென்று உள்ளே போனார். பதினைந்து உருளை, மூன்று மடங்கு விலை, முழுசும் ரொக்கம் என்றார். மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பியூனைக் கூப்பிட்டுத் தொகையைச் சொல்லி, இருப்பதை வைத்துச் சமாளிக்கச் சொன்னார். பியூன் உட்கதவைத் திறந்துகொண்டு போனார்.

காத்திருந்த நேரத்தில் மேலாளர் தன் மனக்குறையைக் கொட்டித் தீர்த்தார். மேலிடத்துக்கு ஊரெல்லாம் கடனாம். வட்டி கட்டவும் கடன் வாங்கினார்களாம். இப்போது தருவதற்கு ஆளில்லை. செலவைக் குறையுங்கள் என்று சொன்னால் கோபம் மட்டும் பொத்துக்கொண்டு வருகிறதாம்.

"இன்னும் அடி, இன்னும் அடின்னு என் உசுரை எடுக்கிறாங்க சார்."

பாவம் என்று இருந்தது மைத்துனருக்கு. கேள்வித்தாள் அடிக்கிற இடத்தில்கூடவா இப்படி என்று உச்சுக்கொட்டினார். போதிய பேப்பர் இல்லாமல் காலையிலிருந்து படுத்துக் கிடந்த இயந்திரம், பக்கத்து அறையில் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. நாம் வந்த வேளை, வேலை நடக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டார். அத்தான் நாற்காலியை விட்டு எழுந்து, ஜன்னல் வழியே லாரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இயந்திரம் நின்றது. உட்கதவு திறந்தது. பியூன் ஒரு மரத்தட்டு நிறைய நோட்டுக்கட்டுகளைத் தூக்க முடியாமல் தூக்கிவந்து மேசையில் வைத்தார்.

மகளின் வீடு கண்முன்னே எழும்பி நிற்க, மைத்துனர் ஆசை ஆசையாக ஒரு கட்டைப் பிரித்தார். நோட்டு நோட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கட்டை விரலைத் திருப்பிப் பார்த்தார். மை இன்னும் காயவில்லை.