ஆடும் கல்

டீச்சரம்மா வலது காலை அந்தக் கல்லின் மேல் வைத்து அழுத்தினார். டக் என்றது.

நான் ரப்பர் சுத்தியலோடு பக்கத்தில் குந்தியிருந்தேன், திட்டு வாங்கத் தயாராக.

அவர் வீட்டுக் கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் கார் வருவதற்கான கான்கிரீட் தரை. அதைக் குறுக்கே நான்கு இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி, அந்தப் பட்டைகளில் சிவப்புக் கல் பதிக்க வேண்டும். பார்க்கச் சின்ன வேலை, ஆளைக் கொன்றுவிடும். அகலமான தரையில் ஒரு கல் பிசகினால் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துவிடும். பட்டையில் மறையாது. இரண்டு பக்கமும் கான்கிரீட் சாட்சிக்கு நிற்கும்.

நாளொன்றுக்கு ஒரு பட்டை. மறுநாள் காலையில் வந்து பார்த்தால், முந்தின நாள் பதித்ததில் ஒரு கல் ஆடும். மூன்று பட்டையிலும் இதே கதை.

முதல் காலை திட்டு கல்லோடு நின்றது. இரண்டாவது காலை என் சட்டைக்குத் தாவியது. இரண்டு பொத்தான் இல்லாமல் ஒரு மனுஷன் தெருவில் நடப்பானா? மூன்றாவது காலை, வெயிலில் தண்ணீர் குடிக்காதது, இருமலுக்கு மருந்து வாங்காதது எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளைத் திட்டிப் பழகிய வாய். ஒரு சொல் வீணாகாது.

தலையைக் குனிந்துகொண்டே கேட்டேன். சிரித்துத் தொலைத்துவிடக் கூடாதே.

என் வீட்டில் திட்ட ஆள் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வைத்தால் மறுநாளும் அது அங்கேயே இருக்கிறது. மகன் போனில் பேசுவான், ரொம்ப மரியாதையாக. அந்த மரியாதையைக் கொண்டுபோய் உடைப்பில் போட.

இன்று கடைசி நாள். இடுக்குகளில் மணலைக் கூட்டி நிரப்பினால் வேலை தீர்ந்தது. அப்புறம் இந்தக் கேட்டைத் திறக்க எனக்கு ஒரு காரணமும் கிடையாது. அதனால் இன்றைய திட்டை ஆற அமர வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்திருந்தேன்.

மறுபடி அழுத்திப் பார்த்தார். டக்.

வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். முழங்காலை, கையை, நரைத்த தலையை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். முகம் இளகிவிட்டது.

“பரவாயில்லைங்க மேஸ்திரி, விடுங்க. வயசாயிடுச்சுல்ல, கை முன்ன மாதிரி வராது. வேற ஆளை வெச்சு நான் சரி பண்ணிக்கறேன்.”

நேற்று வரைக்கும் நீ, வா, போ என்றுதான் பேசினார்.

முப்பது வருடத்தில் நான் பதித்த கல் எதுவும் ஆடியதில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஆடாது. அதைச் சொல்லலாம். சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். நான்கு நாளும் சாயங்காலம் அவர் உள்ளே போன பிறகு, ஒரே ஒரு கல்லை மட்டும் எடுத்து, அடியிலிருந்து ஒரு கைப்பிடி மணலை அள்ளி வெளியே போட்டுவிட்டுத் திரும்ப வைத்தவன் நான்தான் என்று.

“ஆமாங்க டீச்சரம்மா,” என்றேன். “வயசாயிடுச்சு.”