ஆறேகால் பஸ்ஸின் கூட்டம்

"இன்னொரு பஸ் விடணும் சார். இந்த ஒண்ணு பத்தவே மாட்டேங்குது."

முன் சீட்டில் மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த பெண் இப்படிச் சொன்னதும் அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வந்ததே இருக்கிற ஒரு பஸ்ஸை நிறுத்துவதற்குத்தான்.

போக்குவரத்து அலுவலகத்தில் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பட்டப்பெயர். ஆள் ஏறாத பஸ்களைத் தேடிப் பிடித்து வெட்டுவது உத்தியோகம். இதுவரை பதினோரு வெட்டு. இந்தக் காலை ஆறேகால் பஸ்ஸில் போன தடவை எண்ணியபோது மொத்தமே நாலு பேர். முப்பது பேராவது ஏறாவிட்டால் பஸ் நிற்கும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். இன்று கடைசி எண்ணிக்கை.

இன்றைக்கோ பஸ்ஸில் எள் விழ இடமில்லை. இரண்டு தடவை எண்ணிவிட்டார். அறுபத்து மூன்று பேர். உட்கார்ந்தவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். நின்றவர்கள் கம்பியைப் பிடித்தபடியே தூங்கினார்கள்.

"இவ்வளவு கூட்டத்தை எங்கேம்மா பிடிச்சே?" என்றார் கண்டக்டர் அம்மாவிடம்.

"நான் எங்க சார் பிடிச்சேன்? அதுவா ஏறுது" என்று அந்த அம்மா பின்பக்கம் நகர்ந்துவிட்டார்.

அதிகாரி பெண்ணிடம் திரும்பினார். "நீ எங்க போறே?"

"நர்சிங் காலேஜுக்கு சார், முதல் வருஷம். எட்டு மணிக்கு கேட்டை மூடிடுவாங்க. அடுத்த பஸ் ஒன்பதரைக்குத்தான்."

"இந்த பஸ் இல்லேன்னா?"

"அப்புறம் என்ன, நானும் மில்லுக்குப் போக வேண்டியதுதான். எங்க தெருவுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளே நான்தான் சார்."

"சரி, இவங்கள்லாம் யாரு?"

"எங்க தெரு ஆளுங்கதான். மில்லுல ராத்திரி ஷிப்ட். கடைசி ஸ்டாப்புல மில்லுக்குப் புதுசா கிடங்கு கட்டறாங்களாம். விடிஞ்சதும் அங்க ரெண்டு மணி நேரம் கூடுதல் வேலை. எப்பத்தான் தூங்குவாங்களோ, பாவம்! எனக்கு மட்டும் தினமும் சீட் பிடிச்சு வச்சிடறாங்க. கூச்சமா இருக்கு சார். இன்னொரு பஸ் விட்டா இவங்களும் உட்கார்ந்து வருவாங்கல்ல?"

அதிகாரி மலைத்துப் போனார். ராத்திரி மில், காலையில் கிடங்கு, நடுவில் நின்றபடி ஒரு தூக்கம். மனிதர்கள்தானா இவர்கள்? மதியம் வரை நாற்காலியில் உட்கார்ந்தாலே இடுப்பு வலி என்று லீவு எழுதிக் கொடுக்கிறவர் அவர். அந்தப் பெண் மறுபடி புத்தகத்தைத் திறந்தபோது, விழித்திருந்த ஒன்றிரண்டு பேரும் சட்டென்று பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இருமல் வந்த ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே இருமினார்.

காலேஜ் வாசலில் பஸ் நின்றது. "வரேன் அத்தை! வரேன் சித்தப்பா! மாமா, கீழே விழுந்துடாம தூங்குங்க!" என்று ஆளாளுக்கு விடை சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். அங்கே இறங்கியது அவள் ஒருத்திதான். அவள் கேட்டுக்குள் நுழைகிற வரை டிரைவர் வண்டியை எடுக்கவில்லை.

அதிகாரி பேனாவைத் திறந்தார். இந்த பஸ்ஸை வெட்ட அவருக்கு இனி வழியில்லை, மனசுமில்லை. கிடங்குத் தொழிலாளர்கள் அறுபத்திரண்டு பேர், பஸ் தொடர்ந்து ஓட வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பத்து நிமிஷத்தில் கடைசி ஸ்டாப். பஸ் ஒரு பொட்டலைச் சுற்றித் திரும்பி நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு செங்கல்கூடக் கிடையாது. யாரும் இறங்கவும் இல்லை.

அதிகாரி பதறிப் போனார். "கிடங்கு எங்கேம்மா? எல்லாரையும் எழுப்புங்க, வேலைக்கு நேரமாகுதில்ல!"

கண்டக்டர் அம்மா உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா சார். கிடங்கும் இல்லை, ஒண்ணும் இல்லை, இவங்க வீடெல்லாம் ஏறின ஸ்டாப்புலயேதான் இருக்கு. முப்பது பேர் ஏறலேன்னா பஸ் நிக்கும்னு நீங்க நோட்டீஸ் ஒட்டின மறுநாள்லேர்ந்து, அவ ஒருத்தி படிப்புக்காக, வீட்டுல தூங்கற தூக்கத்தை இங்க வந்து தூங்கறாங்க."