தோள்வலி

வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இந்த மனிதருக்கு என்ன குறைந்துபோய்விடும்?

சிகிச்சை அறையின் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அவள் கணவரின் வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலில் சாய்ந்து, ஆக்சிஜன் முகமூடியை மாட்டிக்கொண்டு, கண்ணாலேயே அவளைக் கேலி செய்தார். தலைமுடியில் இன்னும் உப்புத் தண்ணீர் சொட்டியது.

"ஒண்ணுமில்லாததுக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்துட்டு வந்துட்டா, டாக்டர்," என்றார் முகமூடியை விலக்கி. "கரை கண்ணுக்குத் தெரியுது. இதுக்குப் பேரு கடலா?"

கரைப் பக்கம்தான். ஆனால் படகு நின்ற இடத்தில் தரை சட்டென்று சரிந்து ஐந்து மாடி ஆழத்துக்குப் போய்விடுகிறது. காலையில் இருவரும் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, பயிற்சியாளரோடு அங்கே இரண்டு முறை இறங்கினார்கள்.

இறங்குமுன் பயிற்சியாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "கீழ போறது பெரிசில்லை சார். மேல வர்றதுலதான் கண்டம். வேகமா வந்தா ரத்தத்துல குமிழி கட்டிடும், குலுக்கின சோடா பாட்டில் மாதிரி. மூட்டு வலிக்கும், மரத்துப்போகும், தலை சுத்தும். எது வந்தாலும் மறைக்காம சொல்லிடணும்."

கணவர் கொட்டாவி விட்டார். அவள் மனப்பாடம் செய்துகொண்டாள், அவருக்காக. கல்யாணமான நாளிலிருந்தே அவருடைய காய்ச்சலுக்கும் இருமலுக்கும் அவள்தான் காது, அவள்தான் வாய்.

இரண்டாம் முறை மேலே வந்து ஏணியில் ஏறும்போது அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். கீழே தண்ணீரில் மிதந்தபடி அவள் அதைப் பார்த்துவிட்டாள். அதற்குள் அவர், "ஐயோ, கேமராவைக் கீழேயே விட்டுட்டேனே!" என்று கத்தினார்.

பயிற்சியாளர் அவருடைய சிலிண்டரைக் கழற்றி முடிப்பதற்குள் அவள் மறுபடி கீழே போய் கேமராவை எடுத்துவிட்டாள். கையில் அது தட்டுப்பட்டதுமே அந்தத் தோள் நினைவுக்கு வர, விழுந்தடித்துக்கொண்டு மேலே வந்தாள். அவர் கேமராவை வாங்கித் துடைத்தார்.

"தோளைக் காட்டுங்க."

"அத்தனை கனத்தைச் சுமந்தா வலிக்காதா? உனக்கு எதைப் பார்த்தாலும் பயம்."

அவள் விடவில்லை. பயிற்சியாளரையும் சேர்த்துக்கொண்டு அவரை இங்கே தள்ளிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் அவர் முகத்தைப் பார்த்தபடியே நடந்ததில் வாசல்படியில் இடறியும் விட்டாள்.

டாக்டர் அவர் கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினார். விரல்களை இறுக்கச் சொன்னார், இறுக்கினார். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னதற்கு, வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகவே நின்று காட்டினார்.

"மேல வரும்போது அவசரப்பட்டாரா?" என்று டாக்டர் பயிற்சியாளரைக் கேட்டார்.

"இல்லை டாக்டர். சார் என்கூடவேதான் வந்தார். கயித்தைப் பிடிச்சு, நின்னு நின்னு."

அப்போது நர்ஸ் ஒரு செருப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "அக்கா, இது உங்களுதா? வாசல்ல கிடந்துச்சு."

அவள் குனிந்து பார்த்தாள். இடது கால் வெறுங்காலாக இருந்தது. "கவனிக்கவே இல்லைம்மா," என்றாள் கூச்சத்தோடு. நர்ஸ் அதை அவள் காலருகே வைத்துவிட்டுப் போனாள்.

"பார்த்தீங்களா டாக்டர்? என் தோளைப் பார்க்குற அவசரத்துல இவ காலை மறந்துட்டா!" அவர் சிரித்தார். டாக்டரும் சிரித்துவிட்டார்.

"வெறும் சதைப்பிடிப்புதான். பயப்பட ஒண்ணுமில்லை. ஆனா இன்னைக்கு மறுபடி இறங்காதீங்க," என்று சொல்லிவிட்டு டாக்டர் பக்கத்து அறைக்குப் போனார்.

சதைப்பிடிப்பு. வெறும் சதைப்பிடிப்பு. அவள் அதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். காலையிலிருந்து சுமந்த பாரம் இறங்கியதில், பாதி உடம்பே இல்லாதது போல லேசாக இருந்தது.

பயிற்சியாளர் படகைப் பார்க்கக் கிளம்பினார். கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவள் பக்கம் திரும்பினார். சிரிப்பு போயிருந்தது.

"இப்ப திருப்தியா? நாலு பேர் முன்னாடி என்னை நோஞ்சான் ஆக்கிட்டே. எந்திரி, படகுக்குப் போகலாம். இன்னும் ஒரு தடவை இறங்கிட்டுத்தான் ஊருக்கு."

"டாக்டர் இப்பதானே வேண்டாம்னார்?"

"டாக்டர்னா அப்படித்தான் சொல்வார். உன்னை மாதிரி எல்லாத்துக்கும் பயந்தா வீட்டுத் தொட்டியிலதான் குளிக்கணும். எந்திரி."

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் பெஞ்சில் ஊன்றினாள். சற்று நேரம் அப்படியே இருந்தாள். பிறகு கைகளை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் வரலைங்க."

இத்தனை காலத்தில் அவளிடமிருந்து அவர் கேட்டறியாத வார்த்தை அது. கதவுப் பிடியில் கை வைத்தவர் திரும்பினார்.

"ஓகோ. பண்ணினது எல்லாம் பண்ணிட்டு, கோபம் வேறயா உனக்கு?"

"கோபமில்லைங்க," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "டாக்டரைக் கூப்பிடுங்க... என் கால் ரெண்டையும் காணோம்."