கிர்ர்ர் என்ற செட்

பைக் பழுதுபார்க்கும் யாஸ்மின் தன் முதல் ராட்செட் ஸ்பேனர் செட்டைக் காதால்தான் தேர்ந்தெடுத்தாள். சத்தம் நன்றாக இருந்தால் சரக்கும் நன்றாக இருக்கும் என்பது அவள் கணக்கு. கடையில் ஒவ்வொன்றின் உள்ளே இருக்கும் பற்சக்கரத்தையும் சுழற்றிப் பார்த்து, எது பலமாக ‘கிர்ர்ர்’ என்றதோ அதை வாங்கி வந்தாள்.

மறுநாள் வந்த வண்டியில் ஒரு நட்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. பழைய ரிங் ஸ்பேனர்தான் அதைக் கவ்வி, முக்கி முனகி, முதல் சுற்று இளக்கிக் கொடுத்தது. அப்புறம் புது ராட்செட் வந்து நொடியில் கழற்றிவிட்டது.

“அடேங்கப்பா, என்ன வேகம்!” என்றாள் யாஸ்மின்.

ரிங் ஸ்பேனருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வேகமாம் வேகம்! இளக்கினது யாரு? டேய், இறுகின நட்டுல நீ முதல்ல கை வச்சா உன் பல்லு தெறிச்சிடும்டா!”

ராட்செட் தன் பாட்டுக்குக் கிர்ர்ரென்று சுழன்றுகொண்டிருந்தது.

“இனி இந்தக் கிழடு எதுக்கு?” என்று ரிங் ஸ்பேனரைக் காயலான் கடைக்குப் போகும் சாக்கில் வீசினாள் யாஸ்மின்.

அடுத்த வண்டியிலும் துருப்பிடித்த நட்டு. ராட்செட்டை மாட்டி, அதன் பிடியில் ஒரு குழாயைச் செருகி, முழு பலத்தோடு அழுத்தினாள். ‘டக்’கென்று உள்ளே பற்கள் உடைந்தன.

“மட்டமான சரக்கு!” என்று அதையும் சாக்கில் எறிந்துவிட்டு, இதைவிடப் பலமாகச் சத்தம் போடும் செட் வாங்கக் கடைக்குக் கிளம்பினாள்.

சாக்குக்குள் ராட்செட் அழுதது. “அண்ணே, முதல்லயே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேன்டா!” என்று சீறியது ரிங் ஸ்பேனர். “தொண்டை கிழியச் சொன்னேன். நீ போட்ட சத்தத்துல உனக்கு எங்க கேட்டுச்சு?”