இறங்க விடாத இறக்கை

தரைக்காற்று மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டினால் தானே முடிவெடுக்கும் புது வகை பாராகிளைடர் யாரையும் இறங்க விடாது. ஏலகிரிக்கு மேலே ஜெசிந்தா மூன்று மணி நேரமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிரேக் கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் இறக்கை அவள் கையை மீறி மேலேறியது.

"கை மரத்துப்போச்சு, இறக்கி விடு!"

"காற்று தணியட்டும்" என்றது இறக்கை.

வாக்கிடாக்கியில் கணவன் ஆரோக்கியம் கத்தினான். "ஜெசி, மேற்கே இடிமேகம் வருது! உள்ளே இழுத்துட்டா அவ்வளவுதான்!"

இறக்கையை அறுத்துவிட்டு விரியும் அவசரப் பாராசூட் ஒன்றுக்குத்தான் யார் அனுமதியும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு அதன் பிடியை இழுத்தாள். சோளக்காட்டில் தடாலென்று விழுந்தாள்.

"ஐயோ, கால் முறிஞ்சிருக்கு!" என்றான் ஓடி வந்த ஆரோக்கியம்.

"முறியட்டுங்க" என்று அழுகையோடு சிரித்தாள். "நானா முடிவு பண்ணி முறிச்சுக்கிட்டது."