இலைத் தொட்டில் தைத்த சிட்டு

குஞ்சுகள் பொரிந்ததும் தையல்சிட்டு தூரத்துத் தோட்டத்துக்கு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டது. கூட்டருகிலேயே உட்கார்ந்து மற்றவர்களுக்கு இலைத் தொட்டில் தைத்துக் கொடுக்கத் தொடங்கியது.

"வீட்டுல சும்மாதானே இருக்கே அக்கா, இதுங்களையும் பார்த்துக்கோ" என்று பக்கத்துக் கிளை மைனா தன் குஞ்சுகளை இறக்கிவிட்டுப் பறந்தது.

எல்லாக் குஞ்சுகளும் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்தன. சிட்டு ஒரு தையல் போடும், ஒரு புழு ஊட்டும். அதற்குள் நிறைமாத அணில் மூச்சிரைக்க ஏறி வந்தது.

"தொட்டில் ஆச்சா? எனக்கு வலி எடுத்திருச்சு!"

"கடைசி ஓரம்தான். நீ படு!"

பொழுது சாயும்போது புதுத் தொட்டிலில் அணில் பிள்ளைகள் தூங்கின. திரும்பி வந்த மைனா பெருமூச்சு விட்டது.

"வெளியே ஒரே அலைச்சல். நீ கொடுத்துவைச்சவ அக்கா, நாள் பூரா ஓய்வு!"

சிட்டு அடுத்த தொட்டிலைத் தொடங்கியிருந்தது. அலகில் நூல் இருந்ததால் மைனா தப்பித்தது.